விக்ஸ்டன் காரின் தரையில் ஒரு ஓட்டை

விவாகரத்து ஆனபோது காரை டென்சில் வைத்துக்கொண்டான், கெட்டிலை லோர்னா வைத்துக்கொண்டாள். இதில் யாருக்கு லாபம் என்று கேட்டால், எனக்குத்தான் என்று லோர்னா யோசிக்காமல் சொல்வாள். கெட்டிலாவது சூடாகும். அந்தக் கார் கல்யாண வாழ்க்கை முழுக்க அவள் கால்களை விறைக்க வைத்ததைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை.

கார் என்றால் 1927-ஆம் வருடத்து விக்ஸ்டன் டூரர். மேலே மடக்குகிற துணிக்கூரை, பக்கத்தில் ஜன்னல் என்ற பேச்சே இல்லை. விக்ஸ்டன் கம்பெனி சில வருடம் கார் செய்து பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்படாது என்று கடையைக் கட்டிவிட்டது. அந்தப் புத்தி அந்தக் கார்களை வாங்கியவர்களுக்கு வரவில்லை. அவர்கள் ஒரு சங்கம் வைத்து, வருடத்துக்கு ஒரு போட்டி நடத்தி, யார் கார் ஆலையை விட்டு வந்தபோது இருந்தது போலவே இருக்கிறதோ அவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்துவந்தார்கள். எது ஆலையில் இருந்தது போல, எது இல்லை என்று தீர்ப்புச் சொல்ல ஒரு கையேடு உண்டு. அதை எழுதியவன் டென்சில். போட்டிக்குத் தலைமை நடுவரும் அவனேதான். தொழிலில் பல் டாக்டர். வாயைப் பிளந்து படுத்திருக்கிறவர்களிடமே ஆயுள் முழுக்கப் பேசியவன். எதிர்த்துப் பேசுவது என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

கையேட்டில் தரைப்பலகைக்குத் தனி அத்தியாயம். பர்ச் மரத்துப் பிளைவுட், ஒரே துண்டு, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் ஒரு ஓட்டை. நீளவாக்கில், இரண்டு முனையும் உருண்டு, நாலு விரல் நுழைகிற அளவு. அந்தக் காலத்துச் சீமாட்டிகள் மென்மயிர்க் கோட்டுப் போட்டு வந்ததால் அவர்களுக்குப் புழுங்கும், அதற்காகக் காற்று வர விக்ஸ்டன் கம்பெனி கருணையோடு வைத்த துவாரம் என்று டென்சில் சங்கப் பத்திரிகையில் ஒரு கட்டுரையே எழுதினான். ஆதாரம் என்னவென்றால், அவனுடைய காரில் அது இருந்தது. இங்கிலாந்தின் குளிர் பிடித்த ஷ்ராப்ஷயரில் வெயிலுக்குப் புழுங்கிய சீமாட்டி யாராவது உண்டா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சங்கத்தில் இருந்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போய், நல்ல பலகையை எடுத்து, அளவு மாறாமல் ஓட்டை போட்டார்கள். அன்றிலிருந்து அவர்களுடைய மனைவிமார்கள் மடியில் கம்பளியும் காலில் வெந்நீர்ப் பையுமாக ஊர் சுற்றினார்கள். குட்டை வந்தால் சேறு நேராகப் பாவாடைக்குள் பீச்சியடிக்கும்.

லோர்னா சொல்லிப் பார்த்தாள். இது ஆலை போட்ட ஓட்டை மாதிரித் தெரியவில்லை, எவனோ எதற்கோ போட்டது, ஒரு கட்டையை வைத்து அடைத்துத் தொலை என்றாள். டென்சில் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் எதையும் ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. ஒருமுறை அபரிஸ்ட்வித் போகிற வழியில் இடது பக்கம் திரும்பு என்று அவள் சொல்லி, அவன் வலது பக்கம் திரும்பி, கார் ஒரு மாட்டுப்பண்ணையின் சாணக்குழி வரை போய் நின்றது. இறங்கிப் பார்த்துவிட்டு, சாலையைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றான். அப்படிப்பட்ட ஆளோடு குடித்தனம் நடத்திய பெண்ணுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சும். அவன் வாயிலிருந்து 'நீ சொன்னதுதான் சரி' என்று ஒரு தடவை கேட்க வேண்டும். விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட அவன் அதைச் சொல்லவில்லை. வக்கீலின் பேனாவைக் குறை சொன்னான்.

லோர்னா கால்நடை டாக்டர். ஓய்வு பெறுகிற சமயத்தில் கிளன் பக்கம் ஒரு பண்ணைக்குப் பசுவைப் பார்க்கப் போனவள், கொட்டகையில் கோழிகள் ஏறி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு விக்ஸ்டன் டூரரைக் கண்டுபிடித்தாள். சனியன், இதுவா என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டுக்கு வந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் அதை வாங்குவது என்று முடிவாகிவிட்டது. ஏன் என்று தோழி ஹெஸ்டர் கேட்டதற்கு, பொழுது போகணுமே என்றாள். பச்சைப் பொய். கோப்பையைத் தூக்கிக் கொடுக்கிற கை டென்சிலுடையது என்பதுதான் காரணம்.

இன்ஜின், சக்கரம், தகரம் எல்லாவற்றையும் கையேட்டின்படியே செய்தாள். கடைசியாகத் தரைக்கு வந்தாள். ஒரு சாண் உயரத்துக்குக் கோழி எச்சம். மாட்டின் வயிற்றுக்குள் தோள் வரை கைவிட்டுப் பழகியவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை, வழித்துப் போட்டாள். அடியில் பிளைவுட் இல்லை. பைன் பலகைகள், குறுக்குவாக்கில், ஒன்றின் விளிம்பு நாக்கு இன்னொன்றின் காடிப் பள்ளத்தில் கவ்வுகிற மாதிரி அடுக்கியிருந்தன. பாதி இற்றுப்போயிருந்தாலும் வரிசை கலையவில்லை. ஓட்டை எங்கேயும் இல்லை. புரட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பலகையின் அடியிலும் ஆலை இரும்பு அச்சால் அடித்த எண். கதவுச் சட்டத்திலும் அதே எண், இருக்கைக்கு அடியிலும் அதே எண். லோர்னா கொட்டகையில் தனியாக நின்று ஒரு கெட்ட வார்த்தையைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

ஒரு பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு லட்லோவில் டென்சிலின் பட்டறைக்குப் போனாள். அவன் கண்ணாடியை மூக்கில் இறக்கி, பலகையைத் தொடாமலே பார்த்தான்.

"பண்ணைக்காரன் பின்னாடி போட்ட ஒட்டு வேலை."

"எண் இருக்கே."

"சுத்தியலும் அச்சும் இருந்தா எவன் வேணா அடிக்கலாம்."

"கோழி அடிச்சிருக்கும்னு சொல்றியா?"

"நீ எப்பவுமே இப்படித்தான் லோர்னா. ஒரு மரத்துண்டைப் பாத்துட்டு முடிவுக்கு வந்துடறது."

அவன் மட்டும் எத்தனை மரத்துண்டைப் பார்த்தானாம் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஓரமாக நின்ற அவன் காரைப் பார்த்தாள். உன் பலகையைக் கழற்றி அடிப்பக்கம் காட்டேன் என்று கேட்டாள். கையேட்டுக்கே மூலமான பலகை அது, சும்மா சும்மா கழற்றினால் திருகுத் துளைகள் தளர்ந்துவிடும் என்று மழுப்பினான். பிறகு காபி வேண்டுமா என்று கேட்டான். டென்சில் தானாகக் காபி வேண்டுமா என்றால் எங்கேயோ உதைக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து எதைப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஹெஸ்டரின் கணவனும் சங்கத்து ஆள், அவள் காலும் விறைத்த கால்தான்; அவள் அலுமினியத் தகடு போடச் சொன்னாள். குளிர் வராது, இற்றுப்போகாது, எவனாவது கேட்டால் விமானத்திலிருந்து கழற்றியது என்று சொல்லிவிடலாம் என்பது அவள் கட்சி. ஆனால் அலுமினியம் மழைநாளில் தகரக் கொட்டகை மாதிரி சத்தம் போடும், காலும் வழுக்கும். மரக்கடைக்காரர் ஓக் மரத்தைத் தடவித் தடவிக் காட்டினார். ஓக்கில் இருக்கிற துவர்ப்பு இரும்புத் திருகை அரித்துத் தின்றுவிடும், கொஞ்ச நாளில் தரை வெறும் நம்பிக்கையில் நிற்கும். ஆஷ் மரம் காரின் சட்டத்துக்கு நல்லது, வளைந்து கொடுக்கும். ஈரத்தில் கிடந்தால் மக்கிவிடும். படகு கட்டுகிற பிளைவுட் எதற்கும் அசையாது, ஆனால் அது பிறந்தபோது விக்ஸ்டன் ஆலை செத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

உண்மையில் போட்டி இரண்டுக்குள்தான். பர்ச் பிளைவுட் வாங்கி, ஓட்டை போட்டால் கோப்பை அவளுக்கு. மற்றதெல்லாம் அப்பழுக்கில்லாமல் இருந்தது, அது டென்சிலுக்கே தெரியும். பைன் பலகை போட்டால் தரைக்கு உண்டான மதிப்பெண் மொத்தமும் போய்விடும், கோப்பையும் போய்விடும். ஹெஸ்டர் வந்து, கோப்பையை வாங்கிக்கொண்டு வா, மறுநாளே ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம், இதில் என்ன வீம்பு என்று புத்தி சொன்னாள். லோர்னாவும் சரியென்று பர்ச் பிளைவுட் வாங்கி, மேசையில் போட்டு, பென்சிலால் அந்தப் பாழாய்ப்போன ஓட்டையை வரைந்து, ரம்பத்தைக் கையில் எடுத்தாள். கை ஓடவில்லை. தன் காலுக்குத் தானே குளிர் வைத்துக்கொள்வதா? அதுவும் அந்த மனுஷன் வரைந்த கோட்டில்? ரம்பத்தை வைத்துவிட்டாள். அந்தப் பிளைவுட் பிற்பாடு ஆட்டுக்குட்டிகளுக்குத் தடுப்பாகப் போயிற்று.

குளிர் நாட்டில் மெதுவாக வளர்ந்த, ரேகை நெருங்கிய பைன் பலகையாகத் தேடி வாங்கினாள். நாக்கும் காடியும் தன் கையாலேயே இழைத்தாள். முதல் இரண்டு பலகைகள் ஒன்றை ஒன்று பார்க்கக்கூட மாட்டோம் என்றன. மூன்றாவது முகம் கொடுத்தது. ஈரம் ஏறாமலிருக்க இரண்டு பக்கமும், வெட்டு முனைகளில் இன்னொரு தடவையும் எண்ணெய் பூசினாள். மாட்டி முடித்து இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கதகதப்பாக இருந்தது. இவ்வளவுதானா இதற்கு வழி என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

போட்டி ஜூலையில், ஹாப்லி பங்களாவின் புல்வெளியில் நடந்தது. ஜூலை என்பதால் மழை தூறலோடு நின்றது. விக்ஸ்டன் கார்கள் வரிசையாக நிற்க, டென்சில் பழுப்பு மேலங்கியும் கைவிளக்குமாக ஒவ்வொன்றின் அடியிலும் புகுந்து புகுந்து வந்தான். லோர்னாவின் காரைச் சுற்றி இரண்டு தடவை வந்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் அவன் முகம் பல் வலிக்காரன் முகமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் கால்விரிப்பைத் தூக்கினான்.

"ஓட்டை எங்க?"

"போடல."

"மரமும் தப்பு. தரைக்குப் பூஜ்யம்தான் போட முடியும், மன்னிச்சுக்கோ."

மன்னிப்பு என்ற வார்த்தையை இந்த மாதிரி இடத்தில் மட்டும் தாராளமாகச் செலவழிப்பான். லோர்னாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் அவள் கத்தவில்லை. சங்கத்தில் ஒரு விதி உண்டு: மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால், போட்டியாளர் மூலக் காரோடு, அதாவது டென்சிலின் காரோடு, ஒப்பிட்டுக் காட்டச் சொல்லலாம். அந்த விதியை எழுதியவனும் டென்சில்தான். இதுவரை ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை, ஏனென்றால் இங்கே மூலக் காரை அவிழ்க்கச் சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் சமையலறையைச் சோதனை போடுகிற மாதிரி. லோர்னா கேட்டாள். தலைவர் அம்புரோஸ் ஹேக் வரைக்கும் கேட்கிற குரலில் கேட்டாள். கூட்டம் கூடிவிட்டது.

"லோர்னா, வேண்டாம்," என்றான் டென்சில், மெதுவாக.

அவன் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. ஒரு நொடி மனசு இளகியது. பிறகு குளிர்காலங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன, இளகியது மறுபடி இறுகிவிட்டது. திருகாணி முடுக்கியை எடுத்து அவள்தான் அவனிடம் நீட்டினாள்.

அவன் தன் காருக்குள் குனிந்து வெகு நேரம் எடுத்துக்கொண்டான். பலகை வெளியே வந்தது. புல்லில் கவிழ்த்துப் போட்டான். அடிப்பக்கம் முழுக்கக் கனமான கறுப்புப் பெயிண்ட். ஆனால் பெயிண்ட் எழுத்தைத்தான் மறைக்கும், சூட்டுக்கோலால் மரத்தில் பள்ளமாகச் சுட்ட எழுத்தை எப்படி மறைக்கும்? அம்புரோஸ் ஹேக் குனிந்து, விரலால் தடவித் தடவி, பள்ளிப் பிள்ளை மாதிரி உரக்க வாசித்தார். டப்பாவில் அடைத்த மத்தி மீன். ராணுவ உபயோகத்துக்கு. இந்தப் பக்கம் மேலே. பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறி இத்தனை வருடமும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

உலக யுத்த காலத்தில் எவனோ ஒரு புண்ணியவான், தரை இற்றுப்போனதும் கைக்குக் கிடைத்த மீன்பெட்டியைப் பிரித்து அடித்திருக்கிறான். நாலு விரல் நுழைகிற அந்தத் துவாரம் பெட்டியைத் தூக்குவதற்கான கைப்பிடி. சீமாட்டியும் இல்லை, கருணையும் இல்லை. அதைத்தான் மொத்தச் சங்கமும் உயர்ந்த ரகப் பலகையில் மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டி வைத்திருந்தது. ஒருவர் அதற்குப் பித்தளையில் சல்லடைகூடப் போட்டிருந்தார்.

முதலில் ஹெஸ்டர்தான் சிரித்தாள். சிரித்துச் சிரித்து ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற மனைவிமார்கள் சிரிக்கவில்லை. அவரவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

லோர்னா டென்சிலைப் பார்த்து நின்றாள். இப்போது சொல்லப்போகிறான், வேறு வழியே இல்லை என்று நினைத்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றான் அவன்.

அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. தோற்றுப்போன இடத்திலும் தெரிந்தவன் அவனாகத்தான் இருக்க வேண்டும்!

"எப்பலேர்ந்து?"

"கட்டுரை அச்சுல வந்த மறு மாசம். பெயிண்ட் அடிக்கக் கழட்டினேன். அதுக்குள்ள நாலு பேர் ஓட்டை போட்டுட்டாங்க."

"அப்போ நான் பக்கத்துல உக்காந்து வந்த அத்தனை வருஷமும் தெரியும்."

அவன் கைவிளக்கை அணைத்தான், மறுபடி போட்டான். லோர்னாவுக்குக் கோபம் தலைக்கேறியது. தெரியாமல் செய்தான் என்று நினைத்துத்தான் அத்தனை வருடம் சகித்தாள், அப்படி நினைத்துத்தான் விட்டுவிட்டும் போனாள். தெரிந்தே அவள் காலடியில் அந்த ஓட்டையை வைத்து, கம்பளியைப் போர்த்திவிட்டு, நல்லா மூடிக்கோ என்று வேறு சொல்லியிருக்கிறான். ஜெயித்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தாள். அது இருந்தது, ஆனால் வாயில் வைத்ததும் கசந்தது.

தூறல் வலுக்கவே எல்லோரும் கூடாரத்துக்குள் போனார்கள். அம்புரோஸ் ஹேக் அவசரக் கூட்டம் என்று அறிவித்தார். கோப்பை லோர்னாவுக்குத்தான் வரும் என்று ஹெஸ்டர் அவள் கையைக் கிள்ளினாள். ஆனால் இந்தச் சங்கத்தைப் பற்றி ஹெஸ்டருக்கு இன்னும் தெரியவில்லை. பேச எழுந்தவர்கள் ஒவ்வொருவரும் தன் கையால் வெட்டிய ஓட்டையைப் பற்றித்தான் பேசினார்கள். எவ்வளவு கஷ்டப்பட்டு வெட்டினோம், முனையை எப்படி உருட்டினோம், இப்போது அத்தனை காரும் தப்பு என்றால் எங்கே போவது என்றார்கள். டென்சிலின் மேல்கூட அவர்களுக்குப் பெரிய கோபம் இல்லை. பலகையைப் புரட்டச் சொன்ன லோர்னாவின் மேல்தான் முறைப்பு. பித்தளைச் சல்லடைக்காரர், மத்தி மீன் பெட்டியும் சரித்திரம்தானே என்றார். பலத்த கைதட்டல்.

ஆகவே அம்புரோஸ் ஹேக் தீர்மானம் போட்டார். ஓட்டையோடு கூடிய பிளைவுட் தரையே விக்ஸ்டன் காரின் முறையான தரை, ஆலை என்ன செய்திருந்தாலும் சரி. மனைவிமார்களுக்கு ஓட்டு இல்லை. சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர்களுக்கும் இல்லை, அதனால் லோர்னாவுக்கும் இல்லை. அவள் கடைசி வரிசையில், கூடாரத்தின் துணி சொட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆதரிப்பவர்கள் என்றதும் கைகள் சரசரவென்று உயர்ந்தன. எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

"எதிர்க்கறவங்க?" என்று வழக்கத்துக்குக் கேட்டுவிட்டு அம்புரோஸ் காகிதங்களை மடிக்கத் தொடங்கினார்.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பழுப்பு மேலங்கிக் கை, மணிக்கட்டு வரை புல்லும் சேறும்.

"டென்சில், நீங்க கவனிக்கலபோல. இது எதிர்க்கறவங்களுக்கு."

"கவனிச்சுத்தான் தூக்கினேன்."

"உங்க கையேட்டையே எதிர்க்கறீங்களா?"

டென்சில் எழுந்து நின்றான். அவன் கழுத்து சிவந்து, காது வரை ஏறியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூடாரத்துக் கம்பத்தைப் பார்த்தான்.

"லோர்னா சொன்னதுதான் சரி," என்றான்.

பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவர்கள் மாதிரி அத்தனை பேர் வாயும் பிளந்திருந்தது. லோர்னாவின் கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு இழைகூடக் குறையவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அது சந்தோஷம்தான், இந்தத் தடவை கசக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல, டென்சில்."

கடைசி வரிசையில் அவளைத் தவிர யாருமில்லை. டென்சில் கம்பத்தை விட்டுத் திரும்பி, அவளைப் பார்த்து, இன்னொரு தடவை சொன்னான்.